பாட்டு கேட்கவில்லை என்றால் வாட்ஸ் எதற்கு?

முதல் கச்சேரி முடிந்து மேடையிலிருந்து இறங்கியதும், பாடிய பெண்ணிடம் தோழி ஒருத்தி கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஏய், நிஜமா பாடினியா, இல்ல சும்மா வாயசைச்சியா?"

கேலி இல்லை, உண்மையிலேயே சந்தேகம். 200 பேர் உட்காரும் அரங்கத்தில் ஒரு கல்லூரித் துறை விழா. டிரம்ஸ் கேட்டது. கிட்டார் கேட்டது. பேஸ் கிட்டார் ஜன்னல் கண்ணாடியையே நடுங்க வைத்தது. பாட்டு மட்டும் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி வந்து வந்து போனது. நடுநடுவே "கூய்ங்ங்..." என்று மைக்கின் ஊளை வேறு. ஐந்தாவது பாட்டுக்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "என் குரல் சின்னது. வேற யாரையாவது பாத்துக்கோங்க" என்று அன்றைக்கு இரவே சொல்லிவிட்டாள்.

மற்ற மூன்று பையன்களும் கூடிப் பேசினார்கள். குரல் சின்னது என்பதை அவர்கள் நம்பவில்லை. சொந்தமாக ஒரு சிஸ்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவானது. ஆளுக்கு 10,000 ரூபாய், மொத்தம் 40,000. ஒருவன் லேப்டாப்புக்காகச் சேர்த்து வைத்திருந்ததைக் கொடுத்தான். டிரம்மரின் அம்மா சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். போகிறேன் என்று சொன்னவளும் தன் பங்கைக் கொடுத்தாள். அதுதான் ஆச்சரியம்.

கடைக்குப் போனால் எல்லா இடத்திலும் ஒரே பேச்சு, வாட்ஸ்! "இது 5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. தம்பி, காலேஜே அதிரும்" என்றார் ஒரு கடைக்காரர். ஆள் உயரத்துக்கு இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 15 அங்குல ஸ்பீக்கர். விலையும் கைக்கு எட்டியது. அட்வான்ஸ் கொடுக்காமல் அன்றைக்குத் திரும்பியது அவர்கள் செய்த புண்ணியம்.

ஏனென்றால் அன்று மாலை அவர்கள் ஒரு மைக்செட் அண்ணனைப் பார்த்தார்கள். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று முப்பது வருடமாக மைக்செட் போடுகிறவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எதுக்கு வாங்கப் போறீங்க?"

"சவுண்டுக்குண்ணே."

"சவுண்டுதான் உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கே தம்பி! தங்கச்சி குரல்தான் இல்ல. அதுக்கு மட்டும் வாங்குங்க."

விஷயமே இவ்வளவுதான். சின்ன அரங்கில் டிரம்ஸுக்கு மைக் தேவையில்லை, குச்சியால் அடித்தாலே கடைசி வரிசை வரை கேட்கும். கிட்டாருக்கும் பேஸுக்கும் சொந்த ஆம்ப் இருக்கிறது. மின்சாரத்தின் தயவு இல்லாமல் பிழைக்க முடியாதது மனிதக் குரல் ஒன்றுதான். ஆகவே 40,000 ரூபாயும் குரலுக்கு என்று வைத்துக்கொண்டால் அது நல்ல தொகை. நான்கு வாத்தியத்துக்கும் பங்கு போட்டால் ஒன்றுக்கும் போதாது.

இனி வாட்ஸ் கதை. பி.எம்.பி.ஓ. என்பது கண் இமைக்கும் நேரத்துக்கு ஒரு பெட்டி தாங்கக்கூடிய சக்தியைக் கற்பனையாகக் கணக்கிட்டு அட்டைப்பெட்டியில் அச்சடிக்கும் எண். பார்க்க வேண்டியது தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி, ஆர்.எம்.எஸ். அதுகூட பாதிக் கதைதான். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ்! இன்னொரு எண்ணும் இருக்கிறது, சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்பது. ஒரு ஸ்பீக்கர் 90, இன்னொன்று 96 என்றால், இரண்டாவது 100 வாட்ஸில் செய்வதை முதலாவது செய்ய 400 வாட்ஸ் வேண்டும். கடையில் யாரும் இந்த எண்ணைச் சத்தம் போட்டுச் சொல்வதில்லை.

அண்ணன் அடுத்து சொன்னது இன்னும் வேடிக்கை. வாங்கும் முன் காசில்லாமல் செய்யக்கூடியதை எல்லாம் செய்து பாருங்கள் என்றார்.

ஒன்று, கிட்டார் ஆம்ப். அது தரையில் உட்கார்ந்து வாசிப்பவன் முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. அவன் காதுக்கு எட்டாததால் ஏற்றிக்கொண்டே போனான். அதை ஒரு நாற்காலியில் தூக்கி, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து வைத்தார்கள். "டேய், இவ்வளவு சத்தமாவா வாசிச்சேன்?" என்று அவனே குறைத்தான். இரண்டு, டிரம்மர் மெல்லிய குச்சிக்கு மாறினான். (இதற்குத்தான் ரொம்ப நேரம் சண்டை.)

மூன்று, மைக். அவள் அதை ஒரு சாண் தள்ளிப் பிடிப்பாள். டிவியில் பார்த்த பழக்கம். 20 செ.மீ. தள்ளியிருந்ததை 5 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் மைக்குக்குள் போகும் குரல் சுமார் 12 டெசிபல் கூடும். அதை ஸ்பீக்கரில் ஈடுகட்ட வேண்டுமானால் பதினாறு மடங்கு வாட்ஸ் வேண்டும். செலவு? பூஜ்யம். மைக் நெருங்கும்போது குரலில் அடித்தொனி கொழகொழவென்று ஏறும், மிக்சரில் லோ கட் பொத்தானை அழுத்தினால் போய்விடும். ஊளையும் குறைந்தது. ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் திரும்பப் புகுந்து சுற்றிச் சுற்றி வருவதுதான் ஊளை. குரல் பலமாக உள்ளே போனால் மிக்சரை அவ்வளவு ஏற்ற வேண்டியதில்லை.

பிறகுதான் பர்ஸைத் திறந்தார்கள்.

முதலில் மைக். ஷூர் எஸ்.எம்.58 என்ற மாடல் 1966-இல் வந்தது, இன்றும் உலக மேடைகளில் அதுதான். கீழே விழுந்தாலும் வேலை செய்யும், டைனமிக் மைக் என்பதால் மிக்சரிலிருந்து 48 வோல்ட் அனுப்ப வேண்டியதில்லை. புகழ் வந்தால் போலியும் வரும் அல்லவா? விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் நம்பக் கூடாது. இவர்கள் பில்லோடு வாங்கினார்கள்.

அடுத்து கேபிள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது இங்கேதான் நடக்கிறது. கச்சேரி நடுவில் உயிரை விடுவது பெரும்பாலும் கேபிள்தான். ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் ஷீல்டு கேபிளும் எக்ஸ்.எல்.ஆர். கனெக்டர்களும் வாங்கி, பேஸ் வாசிப்பவன் தானே பற்றவைத்தான். ஈ.சி.ஈ. படித்ததற்கு ஒரு பயன்.

பிறகு ஒரு சின்ன மிக்சர். நான்கு மைக் உள்ளீடு போதும். ஆனால் ஆக்ஸ் என்று ஒரு தனி வெளியீடு கட்டாயம் வேண்டும். ஏன்? பாடுகிறவளுக்கு அவள் குரல் கேட்க வேண்டும். சபைக்கு ஒரு கலவை, அவளுக்கு ஒரு கலவை.

கடைசியில் ஸ்பீக்கர். ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் வகையில் 12 அங்குலம் ஒன்று, புதிது. அதை ஸ்டாண்டில் தலைகளுக்கு மேலே ஏற்றி, மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து வைத்தார்கள். இன்னொன்று 10 அங்குலம், பழசு, ஒரு சர்ச் குழுவிடமிருந்து. அது அவளுக்கான மானிட்டர். எஸ்.எம்.58 தனக்கு நேர் பின்னால் வரும் ஒலியை மிகக் குறைவாக எடுக்கும். ஆகவே மானிட்டர் அவளுக்கு எதிரே, மைக்கின் வாலைப் பார்த்தபடி.

சபைக்கு ஒரே ஒரு ஸ்பீக்கரா என்று கேட்டவர்கள் உண்டு. காசு இரண்டுக்குத்தான் இருந்தது. பாடகியின் காதுக்கு ஒன்று கொடுப்பதா, மேடையின் அழகுக்கு ஒன்று கொடுப்பதா என்பதுதான் கேள்வி. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் 55,000க்கு மேற்பட்டவர்கள் முன்னால் வாசித்தார்கள். அவர்களுக்கென்று வாக்ஸ் நிறுவனம் 100 வாட்ஸ் ஆம்ப்களைத் தந்திருந்தது. குரல் போனது மைதானத்தின் அறிவிப்பு ஸ்பீக்கர்களில். மானிட்டர் கிடையாது. கூட்டத்தின் கூச்சலில் அவர்களுக்கே அவர்கள் பாடுவது கேட்கவில்லை. பீட்டில்ஸுக்கே அந்தக் கதி என்றால் துறை விழாவில் பாடும் பெண் என்ன செய்வாள்? தன் குரல் கேட்காதவள் கத்துவாள். கத்தினால் தொண்டை போகும். சின்னக் குரல் என்று ஊர் சொல்லும், அவளும் நம்பிவிடுவாள்.

மீதிப் பணத்தில் அண்ணன் கட்டாயப்படுத்தி வாங்க வைத்தது ஒரு நல்ல மூன்று பின் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் ஒரு டெஸ்டரும். ஆம்ப்பில் "உம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் எர்த் பின்னை ஒடித்துவிடுகிற வழக்கம் நம் ஊரில் உண்டு. 1972 மே மாதம் வேல்ஸில் உள்ள சுவான்சியில் ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். ஒரு கையில் கிட்டார் கம்பி, உதட்டில் மைக் என்று நிற்பவர்களுக்கு அந்த மூன்றாவது பின்தான் உயிர். இரைச்சலுக்கு வேறு வைத்தியம் இருக்கிறது. பின்னை ஒடிப்பது வைத்தியமே இல்லை.

சப்வூஃபர் வாங்கவில்லை. டிரம்ஸுக்கு மைக் வாங்கவில்லை. திறந்திருக்கும் மைக் இரண்டு மடங்கானால் ஊளைக்கு முன் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபல் போய்விடும் என்பது ஒரு காரணம். காசு இல்லை என்பது இன்னொரு காரணம். பெரிய மைதானம் என்றால் மைக்செட் அண்ணனிடமே வாடகைக்கு எடுப்பது என்று ஒப்பந்தம்.

இரண்டாவது கச்சேரிக்கு முன், காலி அரங்கத்தில் ஒத்திகை. அவள் இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்திவிட்டாள். மூன்று பேரும் பயந்துவிட்டார்கள். மைக் போச்சா, கேபிள் போச்சா?

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. சுருதி விலகுது. இவ்வளவு நாளா விலகிட்டுதான் இருந்திருக்கு போல. இப்பதான் எனக்கே கேக்குது. திரும்ப முதல்லேர்ந்து எடுங்க."

டிரம்மர் எண்ண ஆரம்பித்தான். மெல்லிய குச்சிகளோடுதான்.