மரத்தை வெட்டாமல் எடை போடும் தீவு

அட்லாண்டிக் கடலையும் பசிபிக் கடலையும் இணைக்கும் பனாமா கால்வாயில், கப்பல்கள் வழியில் ஒரு பெரிய ஏரியைக் கடக்கின்றன. பெயர் காட்டுன் ஏரி. கன்டெய்னர்களை அடுக்கடுக்காகச் சுமந்த கப்பல்கள் மெல்ல நகரும் அந்தத் தண்ணீருக்கு நடுவே, கரையிலிருந்து உச்சி வரை மரங்கள் மூடிய ஒரு தீவு நிற்கிறது. அதுதான் பாரோ கொலராடோ. உலகிலேயே மிக நுணுக்கமாக அளக்கப்பட்ட வெப்பமண்டலக் காடுகளில் ஒன்று அங்கே இருக்கிறது.

நூறு வருடங்களுக்குச் சற்று முன்பு வரை அது தீவே இல்லை, குன்று! கால்வாய்க்காக சாக்ரஸ் ஆற்றின் குறுக்கே அணை கட்டினார்கள். தண்ணீர் ஏறியது, பள்ளத்தாக்கு மூழ்கியது, குன்றின் மேல்பகுதி மட்டும் தீவாக மிஞ்சியது. கால்வாய் 1914-ல் திறக்கப்பட்டது. 1923-ல் இந்தத் தீவு இயற்கைப் பாதுகாப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 1946-லிருந்து அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் இதைப் பராமரிக்கிறது. பரப்பளவு சுமார் 15 சதுர கிலோமீட்டர்தான். கம்போவா என்ற சிற்றூரிலிருந்து படகில் போக வேண்டும். முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு சுற்றுலாப் பயணிகளும் போய் வரலாம்.

படகை விட்டு இறங்கினால் முதலில் வரவேற்பது ஊளைக் குரங்குகளின் குரல். பார்க்க நாய்க்குட்டி அளவுதான் இருக்கும், சத்தமோ சிங்கத்துக்குப் போட்டி. ஆண்டுக்குச் சராசரியாக 2,600 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை மட்டும் வானம் கொஞ்சம் ஓய்வெடுக்கும். அப்போது சில மரங்கள் இலையை உதிர்க்கும். மற்ற மாதங்களில் சட்டை காய்வதே இல்லை. காலில் ஏறும் உண்ணிகள் தனிக்கதை.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நம்பர்

1980-ல் ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்தக் காட்டுக்குள் ஒரு செவ்வகம் போட்டார்கள். நீளம் 1,000 மீட்டர், அகலம் 500 மீட்டர். மொத்தம் 50 ஹெக்டேர், அதாவது சுமார் 124 ஏக்கர். அதை 20 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள சுண்டுவிரல் பருமன் கன்று முதல் வானளாவிய மரம் வரை எல்லாவற்றையும் கணக்கெடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் பொறித்த அலுமினியத் தகடு, வரைபடத்தில் ஓர் இடம், என்ன இனம் என்ற குறிப்பு. மொத்தம் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள், சுமார் 300 இனங்கள்.

இத்தனை இனங்கள் ஒரே இடத்தில் ஒன்றையொன்று விரட்டிவிடாமல் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்பதுதான் அவர்களுடைய கேள்வி. காடு எவ்வளவு கார்பனைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அன்றைக்கு அதிகம் பேர் கவலைப்படவில்லை. இன்றைக்கு உலகம் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். 1985-லிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர்ந்து எடுக்கப்பட்டுவரும் கணக்கெடுப்புதான் அதற்கும் கைகொடுக்கிறது.

நெஞ்சு உயரத்தில் ஒரு டேப்

அளக்கும் முறை எளிமையானது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சு உயரத்தில், மரத்தைச் சுற்றி டேப் போட வேண்டும். இந்த டேப்பில் கோடுகள் 3.14 சென்டிமீட்டருக்கு ஒன்றாக இருக்கும். அதனால் சுற்றளவுக்குப் பதில் நேரடியாக விட்டமே தெரிந்துவிடும். டேப் சாயக் கூடாது. மரத்தில் ஏறியிருக்கும் கொடியைத் தூக்கி, அதன் அடியில் டேப்பை நுழைக்க வேண்டும், கொடியோடு சேர்த்து அளந்தால் கணக்கு கெட்டது. பெரிய மரங்களில் அளந்த இடத்தில் பெயின்ட்டால் கோடு போடுவார்கள். ஐந்து வருடம் கழித்து வருபவர் அதே கோட்டில் டேப் வைக்க வேண்டுமே!

சிக்கல் பெரிய மரங்களில்தான். மழைக்காட்டு மரங்கள் பலவற்றுக்கு அடியில் பலகை வேர்கள் உண்டு. சுவர் போல நாலா பக்கமும் விரிந்து மரத்தைத் தாங்கும் வேர்கள் இவை. நெஞ்சு உயரத்தில் டேப் போட்டால் மரத்தை அளந்ததாகாது, வேர்ச்சுவரைத்தான் அளந்ததாகும். எனவே ஏணி போட்டு ஏறி, வேர்கள் முடிந்து தண்டு உருண்டையாகும் இடத்துக்கு மேலே அளக்கிறார்கள்.

மரம் வளர வளரப் பலகை வேர்களும் மேலே ஏறும். அளக்கும் இடத்தையும் மேலே நகர்த்தியாக வேண்டும். மேலே போகப் போகத் தண்டு ஒல்லியாகும். விளைவு? நன்றாகப் பருத்திருக்கும் மரம், நோட்டுப் புத்தகத்தில் மெலிந்துவிட்டதாகத் தெரியும். இதைச் சரிக்கட்டாமல் கூட்டினால், வளரும் காடு தேய்கிறது என்ற தப்பான முடிவு வந்து சேரும். அதனால் ஒவ்வொரு அளவோடும் எந்த உயரத்தில் அளந்தோம் என்பதையும் எழுதி வைக்கிறார்கள். தண்டு எந்த வீதத்தில் ஒல்லியாகிறது என்று கணக்குப் போட்டுத் திருத்துகிறார்கள்.

தராசில் ஏறாத எடை

மரத்தின் எடையைச் சரியாகத் தெரிந்துகொள்ள ஒரே நேர்வழி, வெட்டி, துண்டு போட்டு, உலர்த்தி, தராசில் வைப்பதுதான். காக்க வேண்டிய காட்டில் அதைச் செய்ய முடியாது. ஆனால் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு காலத்தில் வெட்டி எடை போடப்பட்ட மரங்களின் கணக்கு இருக்கிறது. 58 இடங்களைச் சேர்ந்த 4,004 மரங்களின் விவரங்களைத் திரட்டி, 2014-ல் ஒரு சூத்திரம் வெளியிடப்பட்டது. விட்டம், உயரம், கட்டையின் அடர்த்தி ஆகிய மூன்றையும் கொடுத்தால், தரைக்கு மேலே உள்ள மரத்தின் உலர்ந்த எடையை அது மதிப்பிட்டுச் சொல்லும். உயிர்த்திரள் என்பது இந்த எடைதான். அதில் ஏறக்குறைய பாதி கார்பன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு மீட்டர் விட்டம், 40 மீட்டர் உயரம், நடுத்தர அடர்த்தி கொண்ட மரம் சுமார் 10 டன். 10 சென்டிமீட்டர் விட்டமும் 12 மீட்டர் உயரமும் உள்ள இளம் மரம் வெறும் 35 கிலோ. ஒரு பெரியவருக்கு ஈடாக ஏறத்தாழ 290 இளசுகள் வேண்டும்! அந்த 10 டன் மரத்தின் விட்டத்தை ஒரே ஒரு சென்டிமீட்டர் கூட்டி எழுதிவிட்டால், இல்லாத 200 கிலோ கணக்கில் ஏறிவிடும்.

அடர்த்தியிலும் விளையாட்டு இருக்கிறது. பாரோ கொலராடோவின் ராட்சத மரங்களில் ஒன்று நமக்குத் தெரிந்ததுதான். தலையணைக்குப் பஞ்சு தரும் இலவ மரம். அமெரிக்க வெப்பமண்டலம் அதன் சொந்த ஊர்களில் ஒன்று. பார்க்கப் பிரம்மாண்டம், கட்டையோ லேசு. அல்மெண்ட்ரோ என்று அங்குள்ளவர்கள் அழைக்கும் மரமோ வைரம் பாய்ந்த கட்டை, அதே அளவு இலவங்கட்டையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான கனம். ஒரே விட்டமும் உயரமும் இருந்தாலும், லேசான மரம் 6 டன் என்றால் வைரம் பாய்ந்த மரம் 18 டன் வரை வரும். அதனால் மரத்தின் இனத்தைத் தப்பாக எழுதினாலும் கார்பன் கணக்கு தப்பும்.

இப்படி ஒவ்வொரு மரமாகக் கூட்டி 2003-ல் வெளிவந்த ஆய்வு, இந்தக் காட்டில் ஹெக்டேருக்குச் சுமார் 281 டன் உயிர்த்திரள் இருப்பதாக மதிப்பிட்டது. ஏக்கருக்கு 114 டன். பத்து டன் ஏற்றும் லாரிகளில் அந்த 50 ஹெக்டேரை ஏற்றினால் சுமார் 1,400 லாரிகள் வேண்டும்.

பெரியவர்கள் விழும்போது

இத்தனை கனமும் சில பெரிய மரங்களில் குவிந்திருப்பதால், அவை எப்படிச் சாகின்றன என்பது முக்கியமான கேள்வியாகிவிடுகிறது. 1982-83 எல் நினோ வறட்சியில் இங்கே ஏராளமான மரங்கள் செத்தன. அடுத்து வந்த கணக்கெடுப்பில் அந்த இழப்பு பளிச்சென்று தெரிந்தது. இன்னொரு எமன், மின்னல். மின்னல் விழும் இடங்களைக் கருவிகளால் கண்டுபிடித்து, நேரில் போய்ப் பார்த்தார்கள் ஆய்வாளர்கள். விட்டம் 60 சென்டிமீட்டரைத் தாண்டிய மரங்களின் சாவில் ஏறக்குறைய 40 சதவீதத்துக்கு மின்னலின் பங்கு இருப்பதாக 2020-ல் அறிவித்தார்கள். பல மரங்கள் உடனே எரிந்து விழுவதில்லை, மாதக்கணக்கில் நின்றபடியே காய்கின்றன. திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்காமல் இதையெல்லாம் யார் கண்டுபிடிக்க முடியும்?

விண்வெளியிலிருந்தும் இப்போது காட்டை எடை போடுகிறார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமை 2025 ஏப்ரல் 29-ல் ஏவிய செயற்கைக்கோளின் பெயரே 'பயோமாஸ்'. இலைகளை ஊடுருவிப் போகும் 70 சென்டிமீட்டர் அலைநீள ரேடார் அதில் இருக்கிறது. ஆனால் ரேடாருக்குத் திரும்பி வருவது சமிக்ஞை மட்டும்தான். அந்தச் சமிக்ஞைக்கு எத்தனை டன் என்று சொல்ல, கீழே யாரோ டேப் பிடித்து அளந்த காடு ஒன்று வேண்டும். காட்டைக் காப்பதற்காக நாடுகளும் நிறுவனங்களும் பணம் பேசும் காலம் இது. கீழே அளவு தப்பினால், மேலே போகும் கணக்கு முழுவதும் தப்பும்.

முதுமலையிலும் சிங்கராஜாவிலும்

பாரோ கொலராடோவில் தொடங்கிய முறையில் இன்று உலகெங்கும் 70-க்கும் மேற்பட்ட இடங்களில் காடுகளை அளக்கிறார்கள். அதில் ஒன்று நீலகிரி மாவட்டத்து முதுமலை. அது மழைக்காடு அல்ல, இலையுதிர் காடு. அங்கே 1988-லிருந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமார் தொடங்கிய 50 ஹெக்டேர் பகுதியில் கணக்கெடுப்பு நடக்கிறது. மரத்தை முறிக்கும் யானையும் கோடைத் தீயும் அங்கே கணக்கில் சேரும். இலங்கையின் சிங்கராஜா மழைக்காட்டிலும் 25 ஹெக்டேர் இப்படி அளக்கப்படுகிறது.

வீட்டுப் பிள்ளைகளும் இதைச் செய்து பார்க்கலாம். தெருமுனை வேம்பையோ பள்ளிக்கூடத்துப் புங்கனையோ தேர்ந்தெடுங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டரில் சாக்பீஸால் கோடு போட்டு, தையல் டேப்பால் சுற்றளவு எடுத்து, 3.14-ஆல் வகுத்தால் விட்டம். தேதியோடு எழுதி வையுங்கள். மழையில் சாக்பீஸ் அழிந்துவிடும். அதனால் உயரத்தையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அதே உயரத்தில் மறுபடியும் டேப் போட்டால்தான் மரம் எவ்வளவு வளர்ந்தது என்று தெரியும்.