டாக்டர் நாயர் ரோடு

செல்லூர், மதுரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பன்னிரண்டு மணி நேர டியூட்டி பார்த்துக் கால் கடுக்கிறது என்றாய். அந்தப் பன்னிரண்டுக்கே ஒரு கதை உண்டு. கதைக்குரியவரும் எடின்பரோவில் படித்த டாக்டர்தான். தி.நகரில் உன் அக்கா ஆபீசுக்குப் போகும் டாக்டர் நாயர் ரோடு அவர் பெயர்தான்.

தாரவாத் மாதவன் நாயர் மலையாளத்துக்காரர். 1868-ல் பிறந்தார். நீ இப்போது இருக்கும் எடின்பரோவில்தான் 1896-ல் எம்.டி. வாங்கினார். திரும்பி வந்து சென்னையில் தங்கிக் காது, மூக்கு, தொண்டை வைத்தியம் பார்த்தார். 1904-ல் திருவல்லிக்கேணியிலிருந்து மாநகராட்சி உறுப்பினரானார். ஓட்டு அன்று ஊருக்கெல்லாம் கிடையாது, வசதியுள்ள கொஞ்சம் பேருக்குத்தான்.

அவரைத் தெரிந்தவர்கள் நீதிக்கட்சியைத்தான் சொல்வார்கள். மாநகராட்சியில் முட்டிக்கொண்டிருந்த அவரையும் தியாகராயரையும் நடேசனார் சேர்த்துவைத்தார், நடேசனாரும் டாக்டர்தான். 1916-ல் கட்சி பிறந்தது. மறு வருஷம் 'ஜஸ்டிஸ்' பத்திரிகைக்கு நாயர் ஆசிரியரானார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1908-ல் அவர் செய்தது. நாம் தறிக்காரக் குடும்பம். ஹார்வி மில் சங்கு ஆற்றைத் தாண்டிக் கேட்டால்தான் உன் தாத்தாவுக்கு மணி தெரியும். பஞ்சாலைகளில் மின்விளக்கு வந்ததும் பொழுது சாய்ந்தாலும் வேலை ஓயவில்லை. பம்பாயில் பதினான்கு மணி நேரத்தையும் தாண்டியது. சர்க்கார் தொழிற்சாலைத் தொழிலாளர் கமிஷன் போட்டது. நாயர் அதில் ஓர் உறுப்பினர். வளர்ந்த ஆண்களின் வேலை நேரத்தில் சட்டம் நேராகத் தலையிட வேண்டாம் என்றார்கள் மற்றவர்கள். நாயர் ஒப்பவில்லை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று தனியாக மாற்றுக் குறிப்பு எழுதினார். 1911 சட்டம் துணி ஆலைகளுக்கு அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டது. இந்திய ஆலைகளின் போட்டியைக் குறைக்க லங்காஷயர் முதலாளிகளும் நெருக்கினார்கள் என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் கமிஷனுக்குள் ஒற்றை ஆளாக நின்றவர் இவர்தான். இன்று நமக்குப் பன்னிரண்டு கொடுமை. அன்று அதைக் கேட்கவே நெஞ்சுரம் வேண்டியிருந்தது.

பிராமணரல்லாதாருக்குச் சட்டசபையில் தனி இடம் கேட்டுச் சாட்சி சொல்ல 1919-ல் லண்டன் போனார். ஏற்கெனவே உடம்பு சரியில்லை. முறை வருமுன்னே ஜூலை 17-ல் இறந்துபோனார். வயது 51. கோல்டர்ஸ் கிரீனில் எரியூட்டினார்கள்.

லண்டன் பக்கம் போனால் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வா. உன் அம்மா கருவாடு கட்டி வைத்திருக்கிறாள். அதை அந்த நாட்டுக்குள் விடுவார்களா என்று விசாரித்துச் சொல்.

அன்புடன்,
மாமா