சட்டம் கேட்காத சட்டத் தேர்வு

பிள்ளை சட்டம் படிக்கப் போகிறேன் என்று சொன்ன வீட்டில் முதலில் வந்து சேர்பவை தடித்த சட்டப் புத்தகங்கள். அரசமைப்புச் சட்டம், ஒப்பந்தச் சட்டம், குற்றவியல் சட்டம் என்று மேசை நிறைந்துவிடும். சில நாள் கழித்து, பழைய கிளாட் வினாத்தாள் ஒன்றைப் புரட்டும் பிள்ளைக்குத் திகைப்பாக இருக்கிறது. அதில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவையும் மனப்பாடமாகச் சொல்லும்படி கேட்கவில்லை. பத்தி பத்தியாக உரைநடை மட்டும் இருக்கிறது. படி, புரிந்துகொள், பதில் சொல் என்கிறது தாள்.

கிளாட் என்பது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வு. இன்றைய வடிவத்தில் 2 மணி நேரம், 120 கேள்விகள். சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறுக்கு 0.25 கழிவு. ஆங்கிலம், நடப்புச் செய்திகளும் பொது அறிவும், லீகல் ரீசனிங், லாஜிக்கல் ரீசனிங், அடிப்படைக் கணிதம் என்று ஐந்து பகுதிகள். கணிதம் தவிர மற்றவற்றில் 450 சொற்களுக்குள் ஒரு பத்தியைக் கொடுத்து, அதன் அடியில் நாலைந்து கேள்விகளை அடுக்குகிறார்கள். கூட்டிப் பார்த்தால், ஒரு மாணவர் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பத்தாயிரம் சொற்களைப் படித்தாக வேண்டும். படித்த கையோடு முடிவும் எடுக்க வேண்டும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. மாதவ மேனன் தலைமையில் பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி 1988-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது, ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பு என்பதே நாட்டுக்குப் புதிது. அதைப் பார்த்து போபால், ஹைதராபாத், கொல்கத்தா, ஜோத்பூர் என்று அடுத்தடுத்துப் பள்ளிகள் எழுந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியே தேர்வு நடத்த, பிள்ளைகள் ரயிலேறி ஊர் ஊராக அலைந்தார்கள். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாக 2008-இல் ஏழு பள்ளிகள் சேர்ந்து முதல் கிளாட்டை நடத்தின. இன்று திருச்சி, நாவலூர் குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவை இதில் இருக்கின்றன.

தொடக்க ஆண்டுகளின் தாளில் 200 கேள்விகள் இருந்தன. அவற்றில் பல, தெரிந்தால் நொடியில் டிக் செய்துவிடக் கூடிய ஒருவரிக் கேள்விகள். இன்ன விருது யாருக்கு, இன்ன நாட்டின் தலைநகர் எது என்ற வகை. 2020-இல் அதைக் கலைத்துவிட்டு முழுக்க வாசிப்பின் மேல் தேர்வைக் கட்டினார்கள். தயாரிப்பின் இயல்பே அத்துடன் மாறியது. கைடு புத்தகத்தை உருப்போட்டவருக்கு இருந்த சாதகம் குறைந்தது. நாள்தோறும் உட்கார்ந்து படித்தவர் முன்னே வந்தார்.

இந்தத் தயாரிப்பின் உயிர் லீகல் ரீசனிங் பகுதியில் இருக்கிறது. ஒரு சட்டக் கோட்பாட்டை விளக்கும் பத்தி, அதன் கீழே கற்பனையான ஒரு சம்பவம், யார் பொறுப்பு என்ற கேள்வி. பத்தியில் சொன்ன விதியை அந்தச் சம்பவத்துக்குப் பொருத்த வேண்டும், அவ்வளவுதான். கேட்க எளிது. பதினேழு வயதில் செய்வது கடினம். ஏனென்றால் அந்த வயதில் எல்லாருக்கும் நியாயம் பற்றி உறுதியான கருத்து இருக்கிறது.

ஒரு துணிக்கடை. 5,000 ரூபாய்ப் புடவையில் 500 என்று தவறாக விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது. வாடிக்கையாளர் 500 ரூபாயை நீட்டுகிறார், கடைக்காரர் தர மறுக்கிறார். யார் பக்கம் சட்டம்? போட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியதுதானே என்று மனம் உடனே தீர்ப்புச் சொல்லிவிடும். ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின்படி, பொருளுக்கு விலை போட்டுக் காட்சிக்கு வைப்பது வாங்க வாருங்கள் என்ற அழைப்பு மட்டுமே. வாங்க முன்வருபவர் வாடிக்கையாளர். ஏற்பதும் மறுப்பதும் கடைக்காரர் கையில். இங்கிலாந்தில் பூட்ஸ் மருந்துக்கடை வழக்கில் 1953-இல் உறுதியான கோட்பாடு இது. பத்தி அதைத்தான் சொல்கிறது என்றால், மாணவர் தன் மனத்தின் தீர்ப்பை ஓரமாக வைத்துவிட்டு அதன்படியே விடை தர வேண்டும்.

இன்னும் நுட்பமான பொறி, அதிகம் படித்தவருக்கு வைக்கப்படுவது. 1868-இல் ரைலண்ட்ஸ் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு விதி சொன்னது. ஆபத்தான ஒன்றை ஒருவர் தன் நிலத்தில் கொண்டுவந்து வைத்து, அது வெளியேறித் தீங்கு செய்தால், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் அவரே பொறுப்பு. இயற்கைப் பேரிடர் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. போபால் விஷவாயுக் கொடுமை நடந்து ஓராண்டில், 1985 டிசம்பரில், டெல்லி ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு 1986-இல் அந்த விலக்குகளை ஏற்க மறுத்தது. அபாயகரமான தொழில் நடத்துபவருக்கு விலக்கே கிடையாது, முழுப் பொறுப்பு என்றது. இந்த வரலாறு தெரிந்த மாணவர், தாளில் ரைலண்ட்ஸ் விதியை மட்டும் பார்த்ததும் அவசரப்பட்டு மேத்தா தீர்ப்பின்படி விடை எழுதிவிடுவார். மதிப்பெண் போய்விடும். அவருக்குத் தெரிந்தது சரிதான். ஆனால் அந்தப் பத்தி அதைக் கேட்கவில்லை.

நீதிபதியின் பயிற்சிக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. முன்னால் இருக்கும் சட்டத்தையும் சாட்சியத்தையும் கொண்டே முடிவுக்கு வர வேண்டும். தனக்குப் பிடித்ததையும் வெளியே கேட்டதையும் உள்ளே விடக் கூடாது. ஓராண்டுக் காலம் இதை நாள்தோறும் பழகும் ஒரு பிள்ளை, ரேங்க் எதுவானாலும், வாதத்தைக் கேட்கும் விதத்திலேயே மாறிவிடுகிறது. குடும்பச் சண்டையில்கூட யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னார் என்று கேட்கத் தொடங்குகிறது. கோச்சிங் சென்டர் விளம்பரங்களில் இந்தப் பலன் இடம்பெறுவதில்லை. தயாரிப்பின் மிகப் பெரிய வரவு இதுதான்.

நடப்புச் செய்திப் பகுதி இதே பழக்கத்தை வேறு வழியில் கேட்கிறது. மாதாந்தரத் தொகுப்பு ஒன்றை வாங்கிக் கடைசி வாரத்தில் விழுங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் பலர். ஆளுநர் மசோதாக்களை நிறுத்திவைத்த விவகாரத்தைப் பார்த்தால் அது ஏன் நடக்காது என்று புரியும். தமிழ்நாடு அரசின் வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஆளுநருக்குக் கால வரம்பு விதித்தது. குடியரசுத் தலைவர் அது குறித்துக் கருத்துக் கேட்டார். அதே ஆண்டு நவம்பரில் அரசமைப்பு அமர்வு, அப்படிக் கால வரம்பு விதிக்க முடியாது என்று கருத்துத் தெரிவித்தது. அடுத்த கிளாட் டிசம்பர் 7 அன்று நடந்தது. ஏப்ரலில் எழுதிய குறிப்பை அப்படியே வைத்திருந்தவர் பாதிக் கதையோடு தேர்வறைக்குப் போயிருப்பார். தினமும் நாளிதழ் பிடித்தவருக்கு மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதல் தருவது பற்றிய அரசமைப்பின் 200-ஆவது கூறும் புரிந்திருக்கும், நீதிமன்றம் எப்படி நகர்கிறது என்பதும் தெரிந்திருக்கும்.

மாக் டெஸ்ட் எனும் மாதிரித் தேர்வு இல்லாமல் கிளாட் இல்லை. அதை எண்ணிக்கைக்காக எழுதுவதில் பயன் குறைவு. எழுதிய பிறகு, ஒவ்வொரு தவறும் ஏன் நேர்ந்தது என்று உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பதில்தான் முன்னேற்றம் இருக்கிறது. பத்தியை அரைகுறையாகப் படித்ததாலா, விதியை மறந்து சொந்த நியாயத்துக்குப் போனதாலா, நேரம் போதாமலா? கழிவு மதிப்பெண் கணக்கும் அங்கேதான் பிடிபடும். நான்கு தவறுகள் ஒரு சரியான விடையைத் தின்றுவிடும். ஆனால் நான்கு விடைகளில் இரண்டை உறுதியாக விலக்க முடிந்தால், மிச்ச இரண்டில் ஒன்றைத் தேர்வது சராசரியில் லாபமே. அஞ்சி எல்லாவற்றையும் விட்டுவிடுபவரும், துணிந்து எல்லாவற்றையும் நிரப்புபவரும் இந்தக் கணக்கைப் பழகாதவர்கள்.

இத்தனை நல்ல தேர்வுக்குள் ஒரு பெரிய அநீதியும் உட்கார்ந்திருக்கிறது. தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே. நீட் தமிழில் எழுதலாம், ஜேஇஇ மெயின் தமிழில் எழுதலாம். படிப்பு முடிந்து வழக்கறிஞராகத் தொழில் செய்ய எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வையும் தமிழில் எழுதலாம். உள்ளே நுழையும் தேர்வுக்கு மட்டும் அந்த வழி இல்லை. பிராந்திய மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, இந்திய பார் கவுன்சிலே அதை ஆதரித்தது. உயர் நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலம், வகுப்புகளும் ஆங்கிலத்தில், பிறகு தமிழில் தேர்வு எதற்கு என்று கேட்பார்கள். ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன ஆங்கிலம் கற்றுக்கொடுக்க. விதியைச் சம்பவத்துக்குப் பொருத்தும் அறிவு எந்த மொழியில் இருந்தாலும் அதை வாசலிலேயே கண்டுகொள்வதுதான் தேர்வின் வேலை.

மொழிக்கு அடுத்து பணம். விண்ணப்பக் கட்டணம் மட்டுமே பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 3,500. கோச்சிங், மாக் டெஸ்ட் தொகுப்புகள் தனி. இடம் கிடைத்தால் ஆண்டுக் கட்டணம் லட்சங்களில். இதைக் கண்டு கொதித்தவர் சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர். அவர் 2010-இல் தொடங்கிய ‘இடியா’ அமைப்பு, வசதியற்ற, விளிம்புநிலைக் குடும்பங்களின் பிள்ளைகளைத் தேடிப் போய்க் கிளாட்டுக்குப் பயிற்சி தந்து, சேர்ந்த பிறகும் கட்டணத்துக்குத் துணை நின்றது. தேர்வு நடத்தும் முறையைச் சீர்திருத்தக் கோரி அவர் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். 2019-இல் அவர் காலமான பிறகும் அமைப்பு வேலை செய்கிறது. அதில் சேர்ந்து பயிற்சி தருபவர்களில் பலர் சட்டப் பள்ளி மாணவர்களே.

தேர்வு நடத்துபவர்களின் பொறுப்பும் இதே தராசில் நிறுக்கப்பட வேண்டும். 2024 டிசம்பர் தேர்வின் விடைக்குறிப்பில் இருந்த பிழைகள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் வந்து நின்றன. கேள்விகள் தயாரிக்கப்படும் அலட்சியம் குறித்து நீதிபதிகள் வெளிப்படையாக வேதனை தெரிவித்தார்கள். ஒவ்வொரு சொல்லையும் கூர்ந்து படிக்கும்படி பிள்ளைகளைக் கேட்கும் தாள், அதே கூர்மையோடு எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

தமிழ்நாட்டு மாணவருக்கு வேறொரு பாதையும் திறந்திருக்கிறது. அரசு சட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேரலாம், கட்டணமும் குறைவு. கிளாட் கிடைக்காததால் சட்டம் கிடைக்காமல் போவதில்லை. ஆனால் கிளாட் எழுத விரும்பும் பிளஸ் ஒன் மாணவர் காத்திருக்க வேண்டியதில்லை. தேர்வு டிசம்பருக்கு வந்துவிட்டதால், பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு நெருக்கத்தில் தயாரிப்பைத் தொடங்க நேரமும் இருக்காது. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகள் பலவற்றைத் தமிழிலும் மொழிபெயர்த்து இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. ஒரு தீர்ப்பைத் தமிழில் படித்து, விதி எது, சம்பவம் எது, முடிவு எது என்று மூன்றாகப் பிரித்து எழுதிப் பார்க்கலாம். பிறகு அதே தீர்ப்பின் ஆங்கில மூலத்தை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் படிக்கலாம். வாரம் ஒன்று வீதம் செய்தால்கூட, தேர்வு வரும்போது இரு மொழியிலும் வாதம் பழகிய ஒருவர் அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பார். இதைச் சொல்லித்தர ஊருக்கு ஓர் ஆசிரியரோ, ஓர் இளம் வழக்கறிஞரோ, நூலகத்தில் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.