நடுவில் இருந்து மூலைக்கு

படத்தைப் பழைய வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். பல்லடம், உடுமலை, அங்கிருந்து மூணாறு போகும் சாலை. காற்றாலைகள் பின்னால் போய்த் தென்னந்தோப்புகள் நெருங்கி வந்தபோது மலை கண்ணுக்கு முன்னால் நின்றது. அமராவதி நகரில் இறங்கினேன். அணையும், முதலைப் பண்ணையும், 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளியும் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் இங்கே வருவார்கள். நான் வந்தது ஒரு தகரக் கொட்டகையைத் தேடி.

மடியில் இருந்தது என் அப்பாவின் படம். விசைத்தறிக்கு முன்னால் குனிந்து, அறுந்த இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார். 1980களில் யாரோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். தறியில் ஓடுவது காடாத் துணி. பாவு நூல்கள் பீமிலிருந்து அவர் கைவரை வரிசையாக வந்து நிற்கும். அதை 18க்கு 24 இஞ்சு கேன்வாஸில் பிரிண்ட் போட்டு, ஒரு கடையில் கொடுத்துச் சட்டத்தில் ஏற்றி வாங்கினேன். இரண்டு மாதத்தில் படத்துக்கு வயிறு தள்ளிவிட்டது. இடது மேல் மூலையில் சூரியக் கதிர் மாதிரிச் சுருக்கங்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அப்பாவின் பாவு வளைந்திருந்தது. முப்பது வருஷம் தறி ஓட்டிய மனிதர் வளைந்த பாவை ஒரு நாளும் ஓட்டியிருக்க மாட்டார். வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அது கண்ணை உறுத்தியது.

கொட்டகையில் இருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். திருப்பூரில் பனியன் பிரிண்டிங் யூனிட்டுகளுக்கு ஸ்கிரீன் இழுத்துக் கொடுக்கும் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர். கண்பார்வையும் முதுகும் சேர்ந்து ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். இப்போது கேன்வாஸ் படங்களைச் சட்டத்தில் ஏற்றித் தருகிறார். கல்யாணப் படம், குலதெய்வப் படம், இறந்துபோனவர்களின் படம்.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றவர், வேட்டியைப் பிரித்ததும் படத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் விரித்திருந்த பழைய கம்பளியில் குப்புறப் போட்டு முதுகைப் பார்த்தார்.

"ஒரு மூலைல ஆரம்பிச்சுச் சுத்தி வந்திருக்காங்க. தைக்கிற மாதிரி."

அவர் விரல் ஸ்டேப்ளர் பின்களின் மேலே ஊர்ந்தது. எந்த மூலையில் ஆரம்பித்தார்கள், எங்கே முடித்தார்கள் என்று எனக்குக் காட்டினார். ஒரு மூலையிலிருந்து பின் அடித்துக்கொண்டே போனால், துணியில் இருக்கும் மிச்சமெல்லாம் முன்னால் தள்ளிக்கொண்டே போகும். கடைசி மூலைக்கு வரும்போது அது போக வேறு இடமில்லை. அங்கேதான் கதிர் கதிராகச் சுருங்கும். எனக்குச் சுருக்கம் விழுந்த அதே மூலை.

அடுத்து டேப்பை எடுத்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தார். 18க்கு 24 சட்டம் என்றால் மூலைவிட்டம் சரியாக 30 இஞ்சு வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே 3, 4, 5 கணக்குதான், ஆறால் பெருக்கியது. இதில் ஒன்று 30க்கு ஒரு நூல் கூட இருந்தது, இன்னொன்று ஒரு நூல் குறைவு. தச்சர் கணக்கில் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். சட்டமே கோணல். கோணல் சட்டத்தில் துணி எப்படி நேராக நிற்கும்?

இன்னொரு குறையும் சொன்னார். சட்டத்தின் முன்பக்கம் தட்டையாக இருந்தது. துணி வெளி விளிம்பில் மட்டும்தான் மரத்தைத் தொட வேண்டும். அதற்காக மரத்தை உள்பக்கமாகச் சரித்து இழைப்பார்கள். சரிவு இல்லையென்றால் துணி மரத்தின்மேலேயே படுத்துக்கிடக்கும், கொஞ்ச நாளில் உள் விளிம்பின் கோடு படத்தின் முகத்தில் எழும்பிவிடும். படத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துக் காட்டினார். அப்பாவின் தோளுக்கு மேலே, மெல்லியதாக, அந்தக் கோடு.

பின்களைப் பிடுங்க அரை மணி நேரம் ஆனது. தட்டையான திருப்புளியை நுழைத்து ஒரு கால் தூக்கியதும் குறடால் உருவினார். சாய்த்து இழுத்தால் துணி கிழியும் என்பதால் ஒவ்வொன்றையும் நேராக மேலே எடுத்தார். நல்லவேளையாகச் சுற்றிலும் இரண்டு இஞ்சுக்கு மேல் வெள்ளைத் துணி மிச்சம் விட்டிருந்தது. அது இல்லாவிட்டால் இடுக்கி பிடிக்க இடமே இருந்திருக்காது. பிரிண்ட் கொடுக்கப் போகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டு வாங்க வேண்டும்: சட்டத்தின் கனம் மடிந்து போன பிறகும் பிடிக்க இரண்டு இஞ்சு.

புதுச் சட்டத்துக்கு ஒன்றரை இஞ்சு கனத்தில் பைன் கட்டைகள் எடுத்தார். ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்துத் துப்பாக்கி குறிபார்ப்பது போல நீளவாக்கில் பார்த்தார், இரண்டை ஓரமாக வைத்துவிட்டார். முறுக்கு இருக்கிறதாம். மூலைகளில் நாக்கும் பள்ளமுமாகச் செதுக்கியிருந்தது. பசை போடவில்லை, ஆணியும் இல்லை. கொட்டாப்புளியால் தட்டிச் சேர்த்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, மறுபடி மூலைவிட்டம் அளந்தார். 30, 30. மூலைகளின் உள்பக்கத்தில் சின்னச் சின்னப் பிளவுகள் இருந்தன. "அது ஆப்புக்கு. கடைசில சொல்றேன்."

இந்த ஆப்பு பிற்பாடு வந்ததுதான். ஐரோப்பாவில் ஓவியர்கள் மரப்பலகையை விட்டுத் துணிக்கு மாறியபோது, வெனிஸில் பாய்மரத் துணி சுலபமாகக் கிடைத்தது. ஆனால் வெகுகாலம் மூலைகளை இறுக்கி அடைத்த சட்டங்களில்தான் ஆணியடித்துக் கட்டினார்கள். ஆப்பு அடித்து விரிக்கிற மூலை 18ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது. நம் தஞ்சாவூர்ப் படக்காரர்கள் இந்த வம்புக்கே போகவில்லை. துணியைப் பலகையில் ஒட்டிவிட்டு அதன்மேல் வரைந்தார்கள், அதனால் அதற்குப் பலகைப் படம் என்றே பெயர். நம் ஊரில் துணியை இழுத்துக் கட்டி வரைந்தவர்கள் சினிமா பேனர் ஓவியர்கள். சவுக்குக் கம்பிலும் ரீப்பரிலும் துணியை இழுத்து ஆணியடித்து வெள்ளையடித்து வரைவார்கள். ஃப்ளெக்ஸ் வந்து அந்தக் கையைக் கொண்டுபோனது. திருப்பூரில் துணி இழுக்கும் கை ஸ்கிரீன் என்ற வேறு பெயரில் தப்பிப் பிழைத்தது.

ஸ்கிரீன் என்றால் என்ன என்று திருப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். பனியனில் ஒரு படம் நான்கு நிறத்தில் இருக்கிறது என்றால் நான்கு சட்டங்கள். ஒவ்வொன்றிலும் சல்லடை போலப் பாலியஸ்டர் வலை இழுத்து ஒட்டியிருக்கும். ஒளிபட்டால் இறுகும் பூச்சைத் தடவி, ஃபிலிம் வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால் வடிவம் திறந்துகொள்ளும். அதன் வழியே ஸ்க்யூஜியால் சாயத்தைத் தள்ளுவார்கள். சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள வலை தடித்த நிறத்துக்கு, 120 இழை உள்ளது நுணுக்கப் புள்ளிகளுக்கு.

"வலை தளந்துச்சுன்னா ஸ்க்யூஜி தள்றப்ப வலையும் கூடவே நகரும் தம்பி. செவப்பு ஒரு பக்கம் நிக்கும், கறுப்பு ஒரு பக்கம் நிக்கும். ஆயிரம் பீஸ் ஓட்டினப்புறம் தெரிஞ்சா என்ன பண்றது?"

அவர் ஆரம்பித்த காலத்தில் மரச்சட்டத்தில் கையால் இழுத்துப் பின் அடிப்பதுதான். பிறகு அலுமினியச் சட்டமும், நான்கு பக்கமும் காற்றழுத்தத்தில் கவ்வி இழுக்கும் மெஷினும், இழுவையை அளக்கும் மீட்டரும் வந்தன. வலையின்மேல் மீட்டரை வைத்தால் சென்டிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று முள் காட்டும். 20, 25 வந்தால் நல்ல ஸ்கிரீன். ஆனால் நடுவில் 22 காட்டி மூலையில் 15 காட்டினால் அதை இறக்கிவிட வேண்டும். ஒரேயடியாகவும் இழுக்கக் கூடாது. இழுத்து, பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டால் இழைகள் தாமாகக் கொஞ்சம் இளகிக்கொடுக்கும், முள் இறங்கும். மறுபடி இழுக்க வேண்டும். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகுதான் பசை.

அந்தக் காத்திருப்பைத்தான் அவசரக் கடைகள் விட்டுவிடுகின்றன என்று நினைக்கிறேன். என் படத்தை நான் கொடுத்து ஒரு மணி நேரத்தில் வாங்கினேன்.

இனி கேன்வாஸ். அதை முதலில் கையில் தடவிப் பார்த்தார், முனையில் ஒரு இழையை உருவிச் சுருட்டிப் பார்த்தார். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்தது. சுருண்டு மடிந்திருந்த விளிம்புகளுக்குத் தலை உலர்த்தும் மெஷினைத் தூரத்திலிருந்து காட்டினார். வரைவதற்கான வெறும் கேன்வாஸை நன்றாகவே இழுக்கலாம், மேலே பூசும் பூச்சு அதை இன்னும் இறுக்கும். பிரிண்ட் போட்டதில் அந்தச் சலுகை கிடையாது. துணிமேல் மையைப் பிடிக்க ஒரு பூச்சு இருக்கிறது. மட்டுமீறி இழுத்தாலோ குளிர்ந்த துணியைச் சட்டென்று மடித்தாலோ விளிம்பில் அது வெடித்து வெள்ளை தெரியும். தண்ணீர் தெளித்து இறுக்கும் வித்தையை வரைபவர்கள் செய்வார்கள். மையின் முதுகில் அதைச் செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

இடுக்கியை என் கையில் கொடுத்தார். சாதாரணக் குறடு மாதிரிதான், ஆனால் வாய் நான்கு விரல் அகலம். கீழ்த்தாடையில் ஒரு திமில் துருத்திக்கொண்டிருக்கிறது. துணியைக் கவ்வி, திமிலைச் சட்டத்தின் விளிம்பில் முட்டுக் கொடுத்துக் கையைத் தாழ்த்தினால் துணி தானாக ஏறிவரும். தோள்பட்டையால் இழுக்க வேண்டியதில்லை. வாயின் உள்ளே சைக்கிள் ட்யூப் வெட்டி ஒட்டியிருந்தார், மை உரியாமல் இருக்க.

நீளப் பக்கத்தின் நடுவில் ஒரு பின். எதிர்ப்பக்கம் இழுத்து நடுவில் ஒரு பின். பிறகு குறுக்குப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்று. துணியைத் திருப்பிப் பார்த்தால் நான்கு பின்னுக்கும் இடையே நடுவில் ஒரு வைரக்கல் வடிவம் இறுகியிருந்தது. அதன் பிறகு எந்தப் பக்கத்திலும் தொடர்ந்து இரண்டுக்கு மேல் அடிக்கவில்லை. நடுவிலிருந்து இடம் ஒன்று, வலம் ஒன்று. உடனே எதிர்ப்பக்கம். பிறகு குறுக்கு. சட்டம் மேசைமேல் சுற்றிக்கொண்டே இருந்தது. வைரம் கொஞ்சம் கொஞ்சமாக மூலைகளை நோக்கி விரிந்தது. மிச்சத் துணி நான்கு மூலைக்கும் சமமாகப் பிரிந்து போனது. பின்களுக்கு நடுவே இரண்டு இஞ்சு கூட இடைவெளி விடவில்லை, ஒவ்வொன்றையும் சாய்வாக அடித்தார். நேராக அடித்தால் அதன் இரு காலும் ஒரே இழையில் விழுந்து அந்த ஒரு இழையையே பாரம் தாங்கச் சொல்லும். சாய்த்தால் பல இழைகள் பங்குபோட்டுக்கொள்ளும்.

மூன்று நான்கு சுற்றுக்கு ஒருமுறை டீ குடிக்கப் போனார், அல்லது வேறு கட்டையை இழைத்தார். துணி இளகட்டும் என்று. நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூலைகளுக்கு வந்தபோது, நோட்டுக்குப் பிரவுன் பேப்பர் அட்டை போடுவது போலத் துணியை உள்ளே முக்கோணமாக மடித்து, மடிப்பு மேலும் கீழும் விழும்படி படியவைத்தார். பக்கவாட்டில் நின்று பார்ப்பவர் கண்ணில் மடிப்பு படாது. மூலையில் துணியைக் கத்தரிக்கவே இல்லை. "வெட்டினா சுளுவுதான். நாளைக்கு உங்க பேரன் பிரிச்சு ஏத்தணும்னா துணி வேணுமில்ல?"

பிறகு ஆப்புகள். மூலைக்கு இரண்டாக எட்டு. துணிக்கும் மரத்துக்கும் நடுவே அட்டைத் துண்டைச் செருகி, பிளவுகளில் ஆப்பை வைத்துச் சின்னச் சுத்தியலால் நான்கு மூலையிலும் வரிசையாக ஒவ்வொரு தட்டு. விரல் நுனியால் படத்தின் முதுகைச் சுண்டினார். மத்தளச் சத்தத்தை நான் எதிர்பார்த்திருந்தேன். கெட்டி அட்டையைத் தட்டியது போல ஒரு சத்தம் வந்தது. மத்தளமெல்லாம் வலைக்குத்தான், பிரிண்டுக்கு இது போதும் என்றார். ஐப்பசி, கார்த்திகை மழையில் தளர்ந்தால் இதே மாதிரி ஒவ்வொரு தட்டு, ஒரே மூலையில் இரண்டு தட்டு கூடாது, ஓதம் ஏறும் சுவரில் மாட்டாதீர்கள், மாட்டினால் பின்னால் நான்கு தக்கைத் துண்டு ஒட்டிச் சுவரைவிட்டுத் தள்ளி நிறுத்துங்கள் என்றும் சொன்னார். ஆப்புகள் கழன்று துணிக்கும் மரத்துக்கும் நடுவில் விழுந்துவிடாமல் ஒவ்வொரு ஜோடியையும் நூலால் கட்டினார்.

அதற்குப் பிறகுதான் படத்தைத் திருப்பிச் சுவரில் சாய்த்து முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்பாங்களா?"

"ஆமாங்கண்ணா."

தையல் நூல் கண்டை எடுத்து ஒரு முழம் பிரித்தார். ஒரு முனையை என்னிடம் கொடுத்து, பீமில் பாவு ஆரம்பிக்கும் இடத்தில் பிடிக்கச் சொன்னார். இன்னொரு முனையை அப்பாவின் விரலருகே அவர் பிடித்து இழுத்தார். நூல் படத்தின்மேல் ஒரு மயிரிழை உயரத்தில் நின்றது. படத்தில் இருந்த பாவு இழை அதன் கீழே ஒளிந்துகொண்டது. அடுத்த இழை, அதற்கடுத்தது. கீழ்ப்பக்கம் வரும்போது ஓரிடத்தில் பாவு அரை நூல் விலகி வெளியே தெரிந்தது.

எனக்கு அது பெரிதாகப் படவில்லை, சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

"இருங்க தம்பி" என்று படத்தை மறுபடி கம்பளியில் குப்புறப் போட்டு, கீழ்ப்பக்கத்தில் மூன்று பின்களைப் பிடுங்கினார்.