தொட்டறிதல்

மனித உடலைக் கைத்தொலைபேசித் திரையில் கற்றுக்கொள்ள முடியும் என்று முன்னர் எவரேனும் கூறியிருந்தால் சிரித்திருப்பேன். 2020 மார்ச் நடுப்பகுதியில் இலங்கையின் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள அக்காவின் வீட்டு விறாந்தையில் அமர்ந்து, மருத்துவ மாணவியான என் மருமகள் சூம் வழியாக உடற்கூற்றியல் படித்தாள். எண்பது வயதைக் கடந்த என் அம்மா அதை எட்டிப் பார்த்து, "ஆரு பெத்த புள்ளையோ" என்று பெருமூச்சு விடுவார்.

மாதங்கள் கழிந்தபின் சிறு குழுக்களாக மாணவர்களை அழைத்தார்கள். முகக்கவசம், கையுறை, இடைவெளி. அதையும் மீறிய போர்மலின் நெடி. முதல் நாள் முடிந்து வந்தவள் சொன்னாள்: "மாமா, படத்தில நாடி சிவப்பு, நாளம் நீலம், நரம்பு மஞ்சள். மேசையில எல்லாம் ஒரே மங்கல் நிறம். விரலாலதான் பிரிச்சறியணும்."

தடித்த சுவருள்ள குழாயாக உருள்வது நாடி. அழுத்தினால் தட்டையாகிவிடுவது நாளம். உட்துளையின்றி, கயிறுபோல் இறுகியிருப்பது நரம்பு. கிளை பிரியும் விதமும் ஆளுக்காள் வேறுபடும். புத்தகத்திலுள்ள உடல் எவருடையதுமல்ல, மேசையிலிருப்பதோ ஒருவருடையது.

அந்நாட்களில் நான் பத்திரிகையில் இறந்தவர்களை எண்களாக எழுதிக்கொண்டிருந்தேன். கொரோனாவால் இறந்தோரைக் கட்டாயமாக எரிக்கவேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. அடக்கம் செய்ய அனுமதி கேட்டு முஸ்லிம் குடும்பங்கள் மன்றாடின. 2021 மார்ச்சில்தான் எங்கள் மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பெட்டிகள் வந்தன. அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது 2024 ஜூலையில். ஓர் உடல் அதன் உறவுகளுக்கு எவ்வளவு வேண்டியது என்பதை, அச்செய்திகளை எழுதியபோதும் நான் முழுதாக உணர்ந்தேன் என்று சொல்லமாட்டேன்.

2021 ஆகஸ்டில் அம்மா அதே தொற்றால் காலமானார். குளிப்பாட்டவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. மூடிய பெட்டிக்குத் தூரத்தில் ஒரு சிலர் நின்றோம். அன்றிரவு மருமகள் சொன்னாள்: "பேர் தெரியாத ஒராளை மாசக்கணக்காத் தொட்டுப் படிச்சன். அம்மம்மாவைத் தொட ஏலாமப் போச்சு."

அந்தப் பெயர் தெரியாதவரைப் பற்றி அதன் பின்னரே யோசிக்கத் தொடங்கினேன். பெருந்தொற்றுக் காலத்தில் பல நாடுகளில் உடல் தானம் ஏற்பதையே நிறுத்திவைத்திருந்தார்கள். எவரோ ஒருவர் முன்னரே தன் உடலைக் கொடுத்துவிட்டுப் போனதாலேயே அந்த மேசை வெறுமையாக இருக்கவில்லை.

அண்மையில் என் எண்ணத்தை மருமகளிடம் தெரிவித்தேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "மாமி என்ன சொல்றா?" என்று மட்டும் கேட்டாள்.

இன்னும் கேட்கவில்லை. வீட்டாரின் சம்மதமின்றி இக்காரியம் நடவாது. பத்திரம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அம்மாவைத் தொடமுடியாமல் நின்றவர்களுள் என் மனைவியும் ஒருத்தி.