பெயர்ப்பலகையும் கைப்பிடி அரிசியும்



இந்த வாரத் தியானத்துக்கு மத்தேயு 6ஆம் அதிகாரத்தின் முதல் 18 வசனங்களை எடுத்துக்கொண்டேன். தருமம், ஜெபம், உபவாசம் ஆகிய மூன்றையும் குறித்து ஆண்டவர் அங்கே போதிக்கிறார். மூன்றும் நல்லவை. இவற்றைச் செய்யாதிருங்கள் என்று அவர் சொல்லவில்லை. தம்முடைய சீஷர்கள் இவற்றைச் செய்வார்கள் என்று எண்ணியே பேசுகிறார். யாருடைய கண்கள் காணும்படி செய்கிறாய் என்பதே அவருடைய கேள்வி.

அப்பகுதியில் நம்முடைய பழைய திருப்புதல் 'மாயக்காரர்' என்று சொல்வதைத் திருவிவிலியம் 'வெளிவேடக்காரர்' என்கிறது. மூலமொழியாகிய கிரேக்கத்தில் அது மேடை நடிகனைக் குறித்த சொல். வேடம் கட்டுவதைக் குறித்துத் தமிழருக்கு விளக்கம் வேண்டியதில்லை. இரவெல்லாம் தெருக்கூத்தில் ராஜாவாக நின்றவர் விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு வயலுக்குப் போகிறார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. பார்க்கிறவர்களுக்கும் அது வேடம் என்று தெரியும். அரிதாரத்தோடே வீட்டுக்குள் போய், அதையே தன் முகம் என்று எண்ணிக்கொள்பவனைக் குறித்துத்தான் ஆண்டவர் துக்கப்படுகிறார்.

அதே பகுதியில் இன்னொரு சொல்லும் உண்டு. மனிதர் காணச் செய்தவர்கள் தங்கள் பலனைப் பெற்றாயிற்று என்று சொல்லும் இடத்தில் வருகிற கிரேக்கச் சொல், அக்காலத்தில் பற்றுச்சீட்டுகளில் வழங்கிய சொல். முழுத் தொகையும் வந்து சேர்ந்தது, இனிப் பாக்கி இல்லை என்று பொருள். புகழை விரும்பினான், புகழ் கிடைத்தது, கணக்கு முடிந்தது. பிதாவினிடத்தில் அவன் பெறவேண்டியது ஒன்றும் மீதியில்லை. இதைவிட மென்மையாகவும் இதைவிடக் கடுமையாகவும் ஒரு தீர்ப்பைச் சொல்ல முடியுமோ என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

நம் ஆலயங்களைச் சுற்றிப் பாருங்கள். மின்விசிறியின் இறக்கையிலும், சுவர்க்கடிகாரத்திலும், ஆராதனைக்கு உட்காரும் பெஞ்சின் முதுகிலும் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. நன்றியறிதலாக எழுதப்பட்டவையும் அவற்றில் உண்டு. எல்லாவற்றையும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதே ஆலயத்துக்குள் பெயரில்லாமல் வருகிற காணிக்கை ஒன்றும் உண்டு. அதுதான் கைப்பிடி அரிசி. உலையில் அரிசி இடுமுன், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைக்கிறார்கள் நம் தாய்மார்கள். சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவந்து பொதுவாகக் கொட்டுகிறார்கள். கொட்டியபின் எது யார் வீட்டு அரிசி என்று எவராலும் பிரிக்க இயலாது. மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910ஆம் ஆண்டளவில் இவ்வழக்கத்தைத் தொடங்கினார்கள். சமையலறையில் விலக்கிய அந்தப் பிடி அரிசி இன்றும் அங்கே மிஷனெரி ஊழியத்தைத் தாங்குகிறது.

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஊழியம் செய்த ஒரு சேகரத்தில் ஆலயக் கோபுரம் கட்டத் திட்டமிட்டோம். சபையில் செல்வாக்குள்ள ஒருவர் பெருந்தொகை கொடுக்க முன்வந்தார். ஜெபக்கூட்டங்களில் உருக்கமாக ஜெபிப்பவர். அத்தொகையை ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பதாக இருந்தது. அதற்கு முந்திய வாரம், அவரிடம் வேலை செய்த ஒருவர் மனைவியோடு குருமனைக்கு வந்தார். "ஐயா, மூணு மாசமாக் கூலி வரல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். விசாரித்தேன், உண்மைதான்.

மத்தேயு 5ஆம் அதிகாரம் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிறார் ஆண்டவர். மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். "ஐயா, முதலில் அந்தக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். அதன்பின் உங்கள் காணிக்கையை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறேன்" என்றேன். அவர் முகம் மாறியது. "ஆலயக் காரியம் வேறு, என் தொழில் வேறு" என்றார்.

கூலி அந்த வாரமே கொடுக்கப்பட்டது. ஆனால் அவர் எங்கள் ஆலயத்துக்குத் திரும்பி வரவில்லை. கோபுரமும் அந்த ஆண்டு எழும்பவில்லை. சபைக் கமிட்டியில் சிலர் என்மேல் வருத்தப்பட்டார்கள். அந்தப் பெரியவரை நான் இன்றும் ஜெபத்தில் நினைக்கிறேன். வேலையாளின் கூலியைக் கொடுத்த நாளில், தாம் அறியாமலே அவர் தேவனுக்குப் பிரியமான காணிக்கையைக் கொடுத்தார் என்று நம்புகிறேன். அதை எந்தப் பலகையிலும் எழுதவில்லை.

பிரியமானவர்களே, அவர் சொன்ன அந்த வாக்கியத்தில்தான் நம் எல்லோருக்கும் சோதனை இருக்கிறது. ஆலயம் வேறு, தொழில் வேறு என்று நாம் பிரிக்கும் இடத்தில் வேடம் தொடங்குகிறது. சகேயு இரட்சிக்கப்பட்டதன் அடையாளம் அவன் பாடிய பாட்டு அல்ல. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக்கொடுக்க எழுந்து நின்றதே.

இதில் மற்றொரு கண்ணியும் உண்டு. வெளிவேடத்தை வெறுக்கிறோம் என்று சொல்லி, ஆராதனையையும் ஒழுங்குகளையும் அற்பமாக எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். பரிசேயனைப்போல் நான் இல்லை என்று நன்றி சொல்கிறவன், பரிசேயனின் ஜெபத்தையே திரும்பச் செய்கிறான். நம் வெளிச்சம் மனிதர்முன் பிரகாசிக்கவேண்டும் என்றும் ஆண்டவர்தாமே கற்பித்தார். நல்ல விளக்கு வழியைக் காட்டும். தன்னைப் பார்க்கும்படி எவரையும் அழைக்காது.

ஆகவே இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்வோம். ஒருவரும் அறியாதபடி ஓர் உதவி செய்வோம். அறைக்கதவைப் பூட்டி, கேட்பவர் பிதா ஒருவரே என்னும் உணர்வோடு ஜெபிப்போம். யாருக்காவது கூலியோ, கடனோ, மன்னிப்புக் கேட்கும் வார்த்தையோ பாக்கியிருந்தால், அடுத்த ஞாயிற்றுக்குமுன் அதைச் செலுத்திவிடுவோம். நம் வீட்டில் பாத்திரம் துலக்குகிற சகோதரியிடம் நம் விசுவாசத்தைக் குறித்து ஒருவர் கேட்டால், அவர் என்ன சாட்சி சொல்வார் என்றும் சற்று எண்ணிப்பார்ப்போம்.

ஜெபம்: அந்தரங்கத்தைக் காண்கிற பிதாவே, மனிதர் காணும் முகமும் நீர் காணும் முகமும் எங்களில் ஒன்றாயிருக்கக் கிருபை தாரும். எங்கள் கைப்பிடியளவு உண்மையை ஏற்றுக்கொள்ளும். இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபிக்கிறோம். ஆமென்.