தேக்குக்குத் தம்பி துளசி

தேக்கும் துளசியும் ஒரே குடும்பம். எங்கள் ஊர் இளம்பிள்ளையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஒன்று நிலைக்காலாக நிற்பது, இன்னொன்று மாடத்தில் இருந்து தினமும் தண்ணீர் வாங்கிக்கொள்வது. எனக்கும் நம்பிக்கை வரவில்லை. துளசித் தண்டை இரு விரலுக்கு நடுவே வைத்து உருட்டினேன். உருள மறுத்தது, நான்கு மூலை. வேலியோரத்துத் தும்பையும் அப்படித்தான். பிறகு ஒரு தேக்கின் இளங்கிளையைப் பிடித்தேன். அதிலும் நான்கு பட்டை. இலைகள் ஜோடி ஜோடியாக, ஒரு ஜோடி கிழக்கு மேற்கு என்றால் அடுத்தது வடக்கு தெற்கு. ஜாடை இருக்கத்தான் செய்கிறது.

முன்பு இந்தத் தேக்கு வேறு வீட்டில் இருந்தது. பெந்தாம், ஹூக்கர் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1862 முதல் 1883 வரை உட்கார்ந்து, விதை தரும் செடிகளையெல்லாம் 202 குடும்பங்களாகப் பிரித்தார்கள். சென்னை மாகாணத்துச் செடிகொடிகளைக் காம்பிள் என்பவர் 1915இல் தொகுக்கத் தொடங்கியபோதும் அதே வரிசைதான். அதில் தேக்கு, நொச்சி, உண்ணிச்செடி மூன்றும் ஒரு குடும்பம். சூலகத்தண்டு சூற்பையின் உச்சியிலிருந்து எழுந்தால் இந்த வீடு, அடியிலிருந்து எழுந்தால் துளசி வீடு. நடுச்சுவர் அவ்வளவுதான். பின்னால் வம்சாவளியையும் மரபணுவையும் பார்த்தவர்கள் அந்தச் சுவர் செல்லாது என்றார்கள். தேக்கும் நொச்சியும் துளசி வீட்டுக்குக் குடிபோயின. அமெரிக்காவிலிருந்து வந்த உண்ணி மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது.

இதில் யார் செய்தது தப்பு என்று கேட்டால் சண்டைதான் வரும். எங்கள் ஊர்ச் சேலையை நெய்பவர் நூலை வைத்துப் பிரிப்பார், கடைக்காரர் விலையை வைத்து, கட்டுகிறவர் நிறத்தை வைத்து. 1735இல் லின்னேயஸ் பூவுக்குள் மகரந்தத்தாளை எண்ணினார். 24 வகுப்புகள் போட்டார். இரண்டு தாள் என்ற ஒரே காரணத்தால் அவரிடம் மல்லிகையும் மிளகும் ஒரே வகுப்பு! ரசத்தில் போடுவதையும் கொண்டையில் வைப்பதையும் ஒரே அலமாரியில் அடுக்கிய மனிதர். ஆனாலும் பூவைப் பிரித்து எண்ணத் தெரிந்த எவரும் செடியைக் கண்டுபிடித்துவிடலாம். அவருக்கு வேண்டியது அதுதான்.

தொல்காப்பியர் பூப்பக்கமே போகவில்லை. தண்டில் வைரம் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். மரபியலில் அவர் கணக்கு, வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே பாய்ந்தது மரம். ஆகவே தென்னையும் பனையும் புல். பழைய ஓட்டு வீட்டுக்குப் பனங்கை அறுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கறுத்த ஓரத்தை எடுத்துக்கொண்டு நடுச்சோற்றைத் தள்ளிவிடுவார்கள். வேம்பில் நேர்மாறு, ஓரம் பூச்சிக்கு, நடுவைரம் நமக்கு. மேடைகளில் இதை வைத்து, ஒருவித்திலை இருவித்திலை எல்லாம் நாமே கண்டுபிடித்தோம் என்று முழங்குவார்கள். தொல்காப்பியர் விதையைப் பிளந்து பார்க்கவில்லை. கோடாலி சொன்னதைக் கேட்டார். 1998இல் மரபணுவை வைத்து உலகத்து அறிஞர்கள் சேர்ந்து புதுவரிசை போட்டபோது ஒருவித்திலைகள் கலையாமல் ஒரே கூட்டமாக நின்றன. இருவித்திலைதான் உடைந்தது, மிளகு, வெற்றிலை, சீதா, அல்லி எல்லாம் தனியே பிரிந்துபோயின. தென்னை, பனையை ஒரு பக்கம் ஒதுக்கிய கோடாலிக்கணக்கு அந்த மட்டில் பிழைத்தது.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் கஞ்சமலைக்கு வருகிறேன். சித்தர் கோவிலில் அமாவாசைக்கு மூலிகை விற்பவர் சாக்கு விரித்திருப்பார். அவருடைய வகைப்பாடு நோயை வைத்து. சர்க்கரைப் பக்கம் சிறுகுறிஞ்சானும் ஆவாரம்பூவும் உறவு கொண்டாடும். காமாலைப் பக்கம் கீழாநெல்லி. அந்த மலைக்கு ஒரு கதை உண்டு. மூப்படைந்த சித்தர் ஒருவர், காயகல்ப மூலிகை தேடிச் சீடனோடு மலைக்கு வந்தார். குரு காட்டுக்குள் போக, சீடன் சோறு பொங்கினான். கிளற அகப்பை இல்லை. பக்கத்தில் கிடந்த செடியில் ஒரு குச்சியை ஒடித்துக் கிளறினான். சோறு கறுத்துவிட்டது. குரு திட்டுவாரே என்ற பயத்தில் கறுத்த சோற்றை அவனே தின்றுவிட்டு, வேறு உலை வைத்தான். குரு திரும்பி வந்தபோது அடுப்படியில் சீடன் ஓர் இளம் பிள்ளையாக உட்கார்ந்திருந்தான். எங்கள் ஊர்ப் பெயரை இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு.

கதையை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன்! சோற்றின் நிறம் சொல்வார்கள், சீடனின் பயம் சொல்வார்கள், குருவின் திகைப்பை நடித்தே காட்டுவார்கள். குச்சி எந்தச் செடியுடையது என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. மூங்கிலா, முருங்கையா? இலை எதிரெதிரா, மாறிமாறியா? பூ என்ன நிறம்? முதுமையையே தோற்கடித்த தாவரத்துக்கு ஓர் அடையாளக்குறிப்பு கிடையாது. சீடன் தின்றதில் குறையில்லை. பயம். ஒரு கிளையை மிச்சம் வைத்திருக்கலாம்.

திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில் மிச்சம் வைத்திருக்கிறார்கள். சேசு சபையைச் சேர்ந்த கே. எம். மேத்யூ பாதிரியார் சேர்வராயன், கொல்லிமலை என்று ஏறி இறங்கிச் சேகரித்தவை அங்கே இருக்கின்றன; அவற்றைக் கொண்டுதான் 1981 முதல் 1984 வரை தமிழ்நாட்டின் கர்னாட்டிக் பகுதிக்கான தாவரநூலை வெளியிட்டார். ஹெர்பேரியம் என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பூவோடு ஒரு கிளையை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டி, எடுத்த இடம், நாள், பூவின் நிறம், எடுத்தவர் பெயர் எழுதி வைப்பது. தேக்கு குடும்பம் மாறினால் தாளை ஓர் அலமாரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் போதும். தாள் இருந்தால்தான் மாற்றவே முடியும்.

அடுத்த அமாவாசைக்குக் கஞ்சமலை போகிறவர்கள் செடியை வேரோடு பிடுங்க வேண்டாம். மூலிகைக்காரரிடம் பெயரைக் கேளுங்கள். இடம், தேதி, இலை, பூ நாலையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அது எந்தக் குடும்பம் என்பதைப் பின்னால் வருகிறவர்கள் மாற்றி மாற்றி எழுதிக்கொள்ளட்டும்.